சுட்டும் சுழலும் – ஒரு கணினித் தமிழ்ப் பாடம்

முன்னுரை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய இறைவனின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

தமிழ்த்துறை மலரில் இலக்கிய நயமும் இலக்கண நுட்பமும் இடம்பெறுதல் மரபு. கணினி நிரலின் உள்ளமைப்பைப் பற்றிய கட்டுரைக்கு இங்கு என்ன இடம் என்று கேட்போர் உண்டு. அறிவியலைத் தமிழில் சொல்ல இயலாது என்னும் கூற்றுக்கு மேடையில் விடை கூறிப் பயனில்லை. கடினமானதொரு பொருளை எடுத்துக்கொண்டு, படிப்பவர் தம் கையால் செய்து பார்க்கும் அளவுக்குத் தமிழில் விளக்கிக் காட்டுவதே அதற்கு உரிய விடையாகும். அத்தகைய ஒரு பொருளை இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

திரையில் சாளரம், பொத்தான், படம் முதலியவற்றைக் காட்டும் நிரல்களில், மூடப்பட்ட சாளரமும் நினைவகத்தை விட்டு நீங்காமல் தங்கிவிடுவது உண்டு. நிரலில் எழுத்துப்பிழை இராது, பிழைச்செய்தியும் வாராது. காலையில் விரைவாக இயங்கிய கணினி மாலையில் தளர்ந்துவிடும். பொருள்கள் ஒன்றையொன்று சுட்டி நிற்கும் சுழலே இதற்குரிய காரணங்களுள் தலையாயது. அச்சுழல் யாது, அது தோன்றும் விதம் யாது, அதனை அறுக்கும் வழி யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஸ்கிரிப்ட் மொழிகளுள் பரவலாக வழங்கும் பைத்தான் மொழியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

பொருளும் சுட்டும்

அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு என்று தொல்காப்பியர் வகுத்தார். 'அப்பையன்' என்னும்போது 'அ' என்பது பையன் ஆகாது. பையன் இருக்கும் இடத்தை நோக்கி நீட்டப்பட்ட விரல் போன்றது. ஒருவனையே பலர் சுட்டலாம். சுட்டுவோர் பலராயினும் சுட்டப்படுபவன் ஒருவனே.

நிரலிலும் இவ்வாறே. நினைவகத்தில் இடம் பெற்றுள்ள சாளரம், பட்டியல், எண், சொற்றொடர் ஆகிய ஒவ்வொன்றும் 'பொருள்' எனப்படும். நிரலர் இடும் பெயர் அப்பொருளைச் சுட்டும் சுட்டே ஆகும். ஆங்கிலக் கணினி நூல்கள் 'ரெஃபரன்ஸ்' என்று வழங்குவதை நாம் 'சுட்டு' என்றே வழங்குவோம். 'இது நம் சாளரம்' என்று ஒரு பெயரிட்டு, பின்னர் அதனையே வேறொரு பட்டியலிலும் சேர்த்தால், சாளரம் இரண்டாகிவிடுவதில்லை, சுட்டே இரண்டாகிறது.

இனி, ஒரு பொருளை நினைவகத்திலிருந்து எப்போது நீக்கலாம்? சுட்டுவார் எவரும் இல்லாதபோது நீக்கலாம். இதனை அறிவதற்கு இருவேறு முறைகள் 1960ஆம் ஆண்டிலேயே வெளியாயின. 'லிஸ்ப்' மொழியைப் படைத்த ஜான் மெக்கார்த்தி, பயன்படும் பொருள்களிலிருந்து தொடங்கி, எட்டக்கூடிய அனைத்தையும் குறியிட்டு, எஞ்சியவற்றைத் திரட்டி நீக்கும் முறையைக் கூறினார். அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ், ஒவ்வொரு பொருளின் தலையிலும் ஓர் எண்ணை எழுதிவைத்து, சுட்டு கூடும்போது ஒன்றைக் கூட்டியும் சுட்டு நீங்கும்போது ஒன்றைக் கழித்தும் வரும் முறையைக் கூறினார். எண் சுழியமாகும் அக்கணமே பொருள் நீக்கப்படும். முன்னதைக் 'குப்பை திரட்டல்' என்றும், பின்னதைச் 'சுட்டெண்ணிக்கை' என்றும் வழங்குவோம்.

1991ஆம் ஆண்டு கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான், சுட்டெண்ணிக்கை முறையைத் தன் அடிப்படையாகக் கொண்டது. இம்முறை எளியது, உடனுக்குடன் செயற்படுவது. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. வட்டமாகப் பின்னப்பட்ட பட்டியலை இம்முறையால் நீக்க இயலாது என்பதை 1963ஆம் ஆண்டிலேயே மெக்பெத் என்பார் சுட்டிக்காட்டினார். நம் பாடம் அக்குறையிலிருந்துதான் தொடங்குகிறது.

சுழல் என்பது யாது?

அந்தாதி பயின்ற மாணவர்க்குச் சுழலை விளக்குதல் எளிது. ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் முதலாகும். நூலின் இறுதிப் பாடல் முதற்பாடலின் தொடக்கத்தோடு இணைந்து மண்டலித்து முடியும். அவ்வாறு முடிந்தபின், எந்தப் பாடலை எடுத்தாலும் அதற்கு முன் ஒரு பாடல் நின்று அதனைச் சுட்டும். சுட்டப்படாத பாடல் என ஒன்று அவ்வட்டத்தில் இல்லை. நூலையே எவரும் திறவாத நாளிலும் பாடல்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தாதிக்கு அது அழகு. சுட்டெண்ணிக்கை முறைக்கோ அது முட்டுக்கட்டை. வெளியிலிருந்து எவரும் சுட்டாத நிலையிலும், வட்டத்திலுள்ள ஒவ்வொரு பொருளின் எண்ணும் ஒன்றாகவே நிற்கும், சுழியம் ஆகாது. எனவே எதுவும் நீங்காது.

ஓர் எடுத்துக்காட்டு

பழைய அரபுத்தமிழ்ச் சுவடிகளின் பக்கங்களை ஒளிப்படமாக்கி, அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதுவதற்கென ஒரு நிரல் இருப்பதாகக் கொள்வோம். பக்க எண்ணைத் தொட்டவுடன் ஒரு சாளரம் திறக்கிறது. அதில் பக்கத்தின் படமும் 'சேமி' என்னும் பொத்தானும் உள்ளன. பக்கம் முடிந்ததும் ஆய்வாளர் அச்சாளரத்தை மூடி அடுத்த பக்கத்தைத் திறக்கிறார்.

படம் அகலத்தில் 4000 புள்ளிகளும் உயரத்தில் 3000 புள்ளிகளும் கொண்டது எனில், மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட்டு என வைத்தால் 3 கோடியே 60 இலட்சம் பைட்டு, அதாவது 36 மெகாபைட்டு. வட்டில் சுருக்கி வைத்த கோப்பு சிறியதாக இருக்கலாம். திரையில் காட்ட விரித்தபின் நினைவகத்தில் இவ்வளவு இடம் வேண்டும். மூடிய சாளரங்கள் நீங்காமல் நின்றால், 50 பக்கம் முடிவதற்குள் 1800 மெகாபைட்டு வீணாகும். 100 பக்கம் ஆனால் 3600 மெகாபைட்டு. சிறிய கணினி அதற்கு முன்பே திணறி, நிரல் முறிந்துவிடக்கூடும். சேமிக்காமல் இருந்த பெயர்த்தெழுத்தும் அதனோடு போய்விடும். பூச்சியரித்த ஏட்டில் ஒரு சொல்லைக் கண்டறிய அரை நாள் உழைத்தவர்க்கு, நினைவகக் கசிவு என்பது வெறும் கணினிச் சொல்லன்று.

இங்குச் சுழல் தோன்றும் விதத்தைக் காண்போம். நான்கு பொருள்கள் உள்ளன. அவை சாளரம், பொத்தான், மீள்அழைப்பு, படம் என்பன. பொத்தானைத் தொட்டால் எந்தச் செயலைச் செய்ய வேண்டும் என்று முன்னரே பதிந்து வைப்பதே மீள்அழைப்பு எனப்படும். 'சேமி' என்னும் செயல் சாளரத்துக்கு உரியது. ஆதலால் மீள்அழைப்பு தனக்குள் சாளரத்தைச் சுட்டிக்கொண்டே இருக்கும். சுட்டுகள் வருமாறு:

1. திறந்த சாளரங்களின் பட்டியல், சாளரத்தைச் சுட்டுகிறது.
2. சாளரம், பொத்தானைச் சுட்டுகிறது.
3. சாளரம், படத்தைச் சுட்டுகிறது.
4. பொத்தான், மீள்அழைப்பைச் சுட்டுகிறது.
5. மீள்அழைப்பு, சாளரத்தைச் சுட்டுகிறது.

சாளரம் திறந்திருக்கையில் அதன் எண் 2. ஏனைய மூன்றின் எண்ணும் தலைக்கு 1. சாளரத்தை மூடியவுடன் பட்டியல் தன் சுட்டை விட்டுவிடுகிறது. அப்போது சாளரத்தின் எண் 1 ஆகிறது; சுழியம் ஆகவில்லை. சாளரம், பொத்தான், மீள்அழைப்பு ஆகிய மூன்றும் ஒரு வட்டமாகி நிற்கின்றன. படம் அவ்வட்டத்தில் இல்லை. ஆயினும் சாளரத்தின் கையைப் பற்றியிருப்பதால் அதுவும் உடன் தங்குகிறது. மூன்று சிறு பொருள்களின் வட்டம் 36 மெகாபைட்டைக் கட்டிவைக்கிறது.

குப்பை திரட்டி சுழலைக் காணும் முறை

இக்குறையை நீக்கும் பொருட்டு, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் 2.0 பதிப்பில் சுழல்களைத் தேடி நீக்கும் குப்பை திரட்டி ஒன்று சேர்க்கப்பட்டது. அதனை ஆக்கியவர் நீல் ஷெமெனவர். அதன் கணக்கு எளியது. தாளில் எழுதிப் பார்க்கத்தக்கது.

முதற்படியாக, ஒவ்வொரு பொருளின் எண்ணையும் தனியே படி எடுத்துக்கொள்ளும். இரண்டாம் படியாக, ஒவ்வொரு பொருளிடமும் 'நீ யாரைச் சுட்டுகிறாய்?' என்று கேட்டு, அது கூறும் ஒவ்வொன்றின் படியெண்ணிலும் ஒன்றைக் கழிக்கும். மூன்றாம் படியாக, கழித்தபின் எண் எஞ்சி நிற்கும் பொருளை நோக்கும். எஞ்சியது உண்டெனில், கணக்கில் அகப்படாத ஒருவர் வெளியிலிருந்து அதனைச் சுட்டுகிறார் என்பது பொருள். ஆகவே அது வாழும் பொருள். வாழும் பொருள் சுட்டுவனவும் வாழ்வனவே. இவ்வகையில் எட்டப்படாதவை அனைத்தும் குப்பை.

நம் எடுத்துக்காட்டில் மூடியபின் நான்கின் எண்ணும் 1. சாளரத்தைக் கேட்டால் பொத்தானையும் படத்தையும் கூறும், அவ்விரண்டும் சுழியமாகும். பொத்தானைக் கேட்டால் மீள்அழைப்பைக் கூறும், அது சுழியமாகும். மீள்அழைப்பைக் கேட்டால் சாளரத்தைக் கூறும், அதுவும் சுழியமாகும். வெளியிலிருந்து சுட்டுவார் ஒருவரும் இல்லை. நான்கும் நீக்கப்படும்.

அவ்வாறாயின் சிக்கல் தீர்ந்ததன்றோ எனலாம். தூய பைத்தான் பொருள்களுக்குத் தீர்ந்தது எனலாம். திரைக் கருவிகள் தூய பைத்தான் பொருள்கள் அல்ல என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

உறையும் உள்ளீடும்

சாளரத்தையும் பொத்தானையும் வரைந்து காட்டும் நூலகங்கள் வேறு மொழிகளில் எழுதப்பட்டவை. ஜிடிகே சி மொழியிலும், க்யூட்டி சி++ மொழியிலும் ஆனவை. அவற்றைப் பைத்தானிலிருந்து ஆள்வதற்கு ஓர் 'உறை' வேண்டும். உள்ளே இருப்பது சி மொழிப் பொத்தான். வெளியே நாம் காண்பது பைத்தான் உறை. உறை, உள்ளீடு என இவை இரண்டு பொருள்கள். நிரலரின் கண்ணுக்கோ ஒன்றாகவே தோன்றும்.

ஜிடிகே நூலகம் தன் பொருள்களுக்குத் தனியே ஒரு சுட்டெண்ணிக்கை வைத்திருக்கிறது. பைத்தான் தன் உறைகளுக்கு வேறொன்று வைத்திருக்கிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு கணக்கேடுகள். ஒன்றில் எழுதியதை மற்றொன்று அறியாது.

இப்போது முன்னைய கணக்கை மீண்டும் போடுவோம். 'சேமி' மீள்அழைப்பைப் பதிந்து வைத்திருப்பது உறையன்று. உள்ளே இருக்கும் சி மொழிப் பொத்தானே. குப்பை திரட்டி வந்து பொத்தான் உறையிடம் 'யாரைச் சுட்டுகிறாய்?' என்று கேட்கிறது. உறை 'எவரையும் இல்லை' என்று கூறுகிறது. எனவே மீள்அழைப்பின் படியெண் 1 ஆகவே எஞ்சுகிறது. வெளியார் ஒருவர் அதனைச் சுட்டுகிறார் என்று திரட்டி முடிவு செய்கிறது. மீள்அழைப்பு வாழும் பொருள். அது சுட்டும் சாளரம் வாழும் பொருள். சாளரம் சுட்டும் பொத்தானும் படமும் அவ்வாறே. கணக்கில் அகப்படாத ஒரே ஓர் இழை நான்கு பொருள்களையும் நிரல் முடியும்வரை நிறுத்திவிடுகிறது.

எனவே உறை எழுதுவோர்க்கு ஒரு கடமை உண்டு. உள்ளீடு யாரை யாரைச் சுட்டுகிறது என்பதை உறையே திரட்டியிடம் கூற வேண்டும். திரட்டி கேட்கும்போது விடை கூறுவதற்கு ஒரு செயற்கூறும், 'விட்டுவிடு' என்று ஆணையிடும்போது சுட்டுகளை அறுப்பதற்கு ஒரு செயற்கூறும் எழுதப்பட வேண்டும். பைத்தானில் முன்னதை 'ட்ராவர்ஸ்' என்றும் பின்னதை 'கிளியர்' என்றும் வழங்குவர். இவ்விடை உண்மையோடு ஒத்திருக்க வேண்டும். குறைத்துக் கூறினால் கசிவு. மிகைத்துக் கூறினால் முறிவு. இல்லாத சுட்டை உண்டெனக் கூறினால், பயன்பாட்டில் உள்ள பொருளையே திரட்டி நீக்கிவிடும். நிரல் நடுவில் சாய்ந்துவிடும்.

மாறுசுட்டு

உறைக்கும் உள்ளீட்டுக்கும் இடையிலேயே மற்றொரு சிறு வட்டம் உண்டு. உறை உள்ளீட்டைச் சுட்டாவிடில் அதனை ஆள இயலாது. உள்ளீடு உறையைச் சுட்டாவிடில் வேறொரு தீங்கு நேரும். நிரலர் பொத்தான் உறையின்மீது 'பக்கம் 17' என்று ஒரு குறிப்பை எழுதி வைக்கிறார். உறையை எவரும் சுட்டவில்லை என்று அது நீக்கப்பட்டால், பின்னர் அதே பொத்தானை ஜிடிகே திருப்பித் தரும்போது புதிய உறை ஒன்று உண்டாகும். அதில் 'பக்கம் 17' இராது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று பற்றியிருக்க வேண்டியதாகிறது. பற்றினால் வட்டம், விட்டால் இழப்பு.

இதற்கு 2005ஆம் ஆண்டில் ஜிலிப் 2.8 பதிப்பில் 'மாறுசுட்டு' என்னும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அதன் கருத்து வருமாறு. உள்ளீட்டை உறையன்றி வேறொருவரும் சுட்டும்வரை, உள்ளீடு உறையை வலிமையாகப் பற்றியிருக்கும். உறையின் சுட்டு ஒன்றே எஞ்சியது என்னும் நிலை வந்தவுடன் அச்செய்தி உறைக்கு அறிவிக்கப்படும். உள்ளீடு தன் பிடியை விட்டுவிடும். அதன்பின் பைத்தான் பக்கத்தில் எவரும் உறையை வைத்திராவிடில் உறை நீங்கும். உறை நீங்கவே உள்ளீடும் நீங்கும். இடையில் வேறொருவர் மீண்டும் உள்ளீட்டைச் சுட்டினால் பிடி பழையபடி இறுகும். பிறர் தேவை உள்ளவரை பற்றுதலும், தேவை தீர்ந்தபின் விடுதலும் எண்ணிக்கையாலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

உடைமை, இரவல், அமானிதம்

உறை எழுதுவோர் கையாளும் சொற்களுள் இரண்டு நம் கருத்தைக் கவர்கின்றன. ஒன்று உரிமைச் சுட்டு. மற்றொன்று இரவல் சுட்டு. உரிமைச் சுட்டு பெற்றவர் தம் பங்குக்கு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டியவர். வேலை முடிந்ததும் அதனைக் கழிக்கும் கடமை அவருடையது. இரவல் சுட்டு பெற்றவர் எண்ணிக்கையைக் கூட்டாதவர்; அவர் கழிக்கவும் கூடாது, உரியவரின் காலத்துக்குப் பின் அப்பொருளைத் தொடவும் கூடாது. இரவல் வாங்கிய நூலை விலைக்கு விற்பவர் இரவலாளர் ஆகார் என்பது நம் வழக்கு.

இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். அது அமானிதம். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் காக்கப்படவும் வேண்டும். உரிய காலத்தில் திருப்பப்படவும் வேண்டும். பொத்தானிடம் மீள்அழைப்பைப் பதிவது அமானிதம் ஒப்படைப்பது போன்றதே. ஜிடிகே நூலகம் அப்பதிவுக்கு ஓர் எண்ணைத் தருகிறது. அதனை ஒப்படைப்புச் சீட்டு என்று கொள்ளலாம். சாளரம் மூடப்படுகையில் அச்சீட்டைக் காட்டிப் பதிவை நீக்கிக்கொள்ளுதல் நிரலரின் கடமை. சீட்டையே பாதுகாக்காதவர் பின்னர் எதைக் காட்டித் திருப்பிக் கேட்பார்?

தீர்வு வழிகள்

சுழலைத் தீர்க்கும் வழிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, உரிய நேரத்தில் அறுத்தல். சாளரம் மூடப்படும் இடத்தில் பதிவுகளை நீக்கி, படத்தைச் சுட்டும் பெயரை வெறுமையாக்கி, சாளரத்தை முறையாக அழிக்க வேண்டும். மறைத்தல் வேறு, அழித்தல் வேறு என்பதை மாணவர் மனத்தில் கொள்க. க்யூட்டியில் சாளரத்தை மூடினால் அது இயல்பாக மறைக்கப்படுவதோடு சரி. மூடும்போதே நீக்குக என்று தனியே குறிப்பிட்டாலன்றி அழியாது. டிகே கருவியில் தாய்ச் சாளரம் சேய்களின் பட்டியலை வைத்திருக்கிறது. சேயும் தாயைச் சுட்டுகிறது. 'டெஸ்ட்ராய்' என்னும் ஆணையே பதிவுகளை நீக்கித் தாயின் பட்டியலிலிருந்தும் சேயை எடுத்துவிடுகிறது.

இரண்டாவது, மென்சுட்டு. 2001ஆம் ஆண்டின் பைத்தான் 2.1 பதிப்பில் 'வீக்ரெஃப்' என்னும் பெயரில் இது வந்தது. மென்சுட்டு பொருளை அறியும், ஆனால் பற்றாது. எண்ணிக்கையில் சேராது. பொருள் இருந்தால் தரும். நீங்கிவிட்டிருந்தால் 'இல்லை' என்று கூறும். தாய் சேயை உரிமையோடு சுட்டுக. சேய் தாயை மென்சுட்டால் சுட்டுக என்பது பொதுவிதி. இங்கு ஒரு நுட்பம் உண்டு. சாளரத்தின் 'சேமி' என்னும் செயலைக் கேட்கும்போதெல்லாம் பைத்தான் ஒரு புதிய தற்காலிகப் பொருளை ஆக்கித் தருகிறது. அதற்கு நேராக மென்சுட்டு இட்டால், அத்தற்காலிகப் பொருள் உடனே மறைய, மென்சுட்டும் வெறுமையாகிவிடும். பொத்தானைத் தொட்டாலும் ஒன்றும் நிகழாது. இதற்கெனவே 2014ஆம் ஆண்டின் 3.4 பதிப்பில் 'வீக்மெத்தட்' என்னும் தனிவகை சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, வேண்டியதை மட்டும் கொடுத்தல். பக்க எண் மட்டுமே வேண்டிய மீள்அழைப்புக்குச் சாளரம் முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை. பெயரற்ற சிறு செயற்கூறாகிய 'லாம்டா' இவ்வகையில் ஏமாற்றவல்லது. ஒரு வரிதானே என்று எழுதுகிறோம். அவ்வரியில் சாளரத்தின் பெயர் ஒருமுறை வந்துவிட்டால் அது சாளரத்தையே பற்றிக்கொள்ளும்.

நான்காவது, உறையையே திருத்துதல். முன்னர்க் கூறிய ட்ராவர்ஸ், கிளியர், மாறுசுட்டு ஆகியன இவ்வகையின. இது நூலகம் ஆக்குவோர் பணி. எனினும் நம் மாணவர் அங்கும் செல்ல வேண்டும் என்பதே நம் விருப்பம்.

மென்மையும் அளவறிந்தே

சுழலுக்கு அஞ்சி எல்லாச் சுட்டையும் மென்மையாக்கினால் எதிர்த்தீங்கு விளையும். டிகே கருவியில் படம் காட்டும் மாணவர் பலரும் இதனைக் கண்டிருப்பர். ஒரு செயற்கூற்றுக்குள் படத்தை ஆக்கிப் பொத்தானில் ஒட்டுகிறோம். செயற்கூறு முடிந்தவுடன் படத்தைச் சுட்டிய பெயர் மறைகிறது. பைத்தான் உறை நீங்க, உள்ளே இருந்த படமும் அழிய, திரையில் வெற்றிடமே நிற்கிறது. டிகே தன் பக்கத்தில் படத்தின் பெயரை மட்டுமே அறியும். பைத்தான் உறையைப் பற்றுவதில்லை. படத்தை ஒரு பெயரால் பற்றி வைத்தால் இக்குறை நீங்கும். க்யூட்டியில் தாய்ச் சாளரம் அழிய, சேயாகிய உள்ளீடும் அழிந்து, உறை மட்டும் எஞ்சுவது உண்டு. அவ்வுறையைத் தொட்டால் உள்ளே இருந்த பொருள் நீக்கப்பட்டுவிட்டது என்னும் பிழைச்செய்தி வரும். ஆகவே மிகப் பற்றுதலும் குற்றம்; பற்றாது விடுதலும் குற்றம்.

திரட்டியை நம்பியிருக்கலாமா?

குப்பை திரட்டி எப்படியும் வந்து நீக்கும் என்று வாளா இருப்பது தகாது. அதற்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

ஒன்று, திரட்டி புறப்படும் நேரம் பொருள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அவை கட்டிவைத்துள்ள பைட்டுகளின் அளவைப் பொறுத்ததன்று. சாளரம் ஒன்றுக்குச் சில பொருள்களே என்றால் திரட்டிக்கு அது சிறு கூட்டம். அதற்குள் பல 36 மெகாபைட்டுகள் சேர்ந்துவிடும்.

இரண்டு, நிரலில் பல இழைகள் இயங்கும்போது, எந்த இழையில் திரட்டி புறப்படும் என்று வரையறுத்துக் கூற இயலாது. திரைக் கருவிகளையோ பொதுவாக முதன்மை இழையில் மட்டுமே தொடலாம். வேறோர் இழையில் அவை நீக்கப்பட்டால் நிரல் முறியக்கூடும்.

மூன்று, இறுதிச் செயல் பற்றியது. நீங்கும் முன் செய்ய வேண்டியதை 'டெல்' என்னும் செயற்கூற்றில் எழுதுவர். பைத்தான் 3.4 பதிப்புக்கு முன்னர், அத்தகைய பொருள் சுழலில் அகப்பட்டால் திரட்டி அதனை நீக்காமல் தனிப் பட்டியலில் ஒதுக்கி வைத்தது. எதை முதலில் முடிப்பது என்று அது துணிய இயலாமையே காரணம். ஆந்துவான் பித்ரு முன்மொழிந்த திருத்தத்தால் 2014ஆம் ஆண்டில் அக்குறை நீங்கிற்று. பழைய பதிப்பில் எழுதப்பட்ட நிரல்களைப் பேணுவோர் இதனை நினைவிற் கொள்க.

சோதித்தறியும் முறை

சுழல் உண்டா என்பதை ஊகத்தால் அறிய வேண்டியதில்லை. சாளரத்தை 100 முறை திறந்து மூடும் ஒரு சிறு சோதனையை எழுதுக. முடிவில் திரட்டியை ஆணையிட்டு ஒருமுறை இயக்குக. பின்னர், வாழும் பொருள்களின் பட்டியலைப் பெற்று, அவ்வகைச் சாளரங்கள் எத்தனை என்று எண்ணுக. சுழியம் வந்தால் நன்று. 100 வந்தால் திரட்டியும் காணாத சுட்டு எங்கோ உள்ளது. அது நிரலில் மறந்துவிட்ட பட்டியலாக இருக்கலாம், உறைக்கு அப்பால் மறைந்த பதிவாகவும் இருக்கலாம். 'ஜிசி' தொகுதியில் ஒரு பொருளைச் சுட்டுவோர் யாவர் என்று கேட்கும் வசதி உண்டு. அதன் வழியே பின்னோக்கிச் சென்றால் பட்டியல் அகப்படும். சுட்டுவார் எவரும் தென்படாமல் எண்ணிக்கை மட்டும் கூடுதலாக நின்றால் ஐயம் உறையின்மேல் விழும். திரட்டியை நிறுத்திவைத்து இதே சோதனையைச் செய்தால், சுழல் நம் நிரலிலேயே உள்ளதா என்பதும் தெரியவரும். அப்போதும் சுழியம் வருமாறு எழுதப்பட்ட நிரலே செம்மையான நிரல்.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. சுட்டெண்ணிக்கை முறை தனித்து நின்று சுழலை நீக்கவல்லதன்று.
2. குப்பை திரட்டி தனக்குச் சொல்லப்பட்ட சுட்டுகளை மட்டுமே அறியும். உறைக்கு அப்பால் மறைந்த ஓர் இழை முழு வட்டத்தையும் காத்துவிடும்.
3. எது உடைமை, எது இரவல், எது அறிமுகம் என்பதை நிரல் எழுதத் தொடங்கும் முன்னரே வரையறுத்தல் வேண்டும்.
4. திறக்கும் இடத்தை எழுதும்போதே மூடும் இடத்தையும் எழுதுதல் வேண்டும்.

பைத்தான் 3ஆம் பதிப்பில் தமிழ்ச் சொற்களையே பெயர்களாக இட்டு நிரல் எழுதலாம். எழில் என்னும் தமிழ் நிரல்மொழியும் பைத்தானின்மேல் அமைக்கப்பட்டதே. ஆகவே சாளரம், பொத்தான், மீள்அழைப்பு என்று இக்கட்டுரையில் வழங்கிய சொற்களை மாணவர் தம் நிரலிலும் வழங்கலாம். சொல் புழங்கப் புழங்கத்தான் கலைச்சொல் உயிர்பெறும். அகராதியில் கிடந்தால் பெறாது. கணினித் துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஓர் அறையில் அமர்ந்து மேற்கூறிய 100 முறைச் சோதனையைச் செய்து பார்ப்பார்களாயின், இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதாகக் கருதுவோம். அதற்கான அறிவையும் உழைப்பையும் வல்ல இறைவன் நம் மாணவச் செல்வங்களுக்கு அருள்வானாக!